கோலாலம்பூர் வெயிலில் அபூர்வ பீர் வகைகள்: வாங்குவது முதல் ஊற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

அபூர்வமான பீர் தேடிப் போகிறவர்கள் முதலில் பெயரைத்தான் கேட்கிறார்கள். நம் ஊரில் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு. அந்தப் போத்தல் எத்தனை மாதம் கப்பலிலும் கிடங்கிலும் கிடந்தது? குளிரில் கிடந்ததா, வெக்கையில் கிடந்ததா? பிரஸ்ஸல்ஸில் பேர் போன ஒரு பீர், தகரக் கூரைக் கிடங்கில் ஆறு மாதம் வெந்தபின் இங்கே நம் கைக்கு வந்தால், நாம் குடிப்பது அதன் பெயரை மட்டும்தான். அதனால் இந்த வழிகாட்டி வகைகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல் வெயிலிலிருந்து தொடங்குகிறது.

இரண்டு விஷயங்களை முன்னமே சொல்லிவிடலாம். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். ஆகவே வீட்டில் காய்ச்சும் முறை எதுவும் இங்கே இல்லை. வாங்குவது, வைப்பது, ஊற்றுவது, ருசிப்பது மட்டும்தான்.

முதல் படி: எது வெயில் தாங்கும், எது தாங்காது

பீர் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: இந்த மூன்றிலும் பீருக்கு ஏறும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். வெளிர் நிற லாகரை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு இது. எல்லா வகைக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் பகலில் 32, 33 டிகிரி அடிக்கும் கோலாலம்பூரில், ஏர்கோன் இல்லாத கடையின் அடுக்கில் ஒரு வாரம் நின்ற போத்தல் எவ்வளவு முதிர்ந்திருக்கும் என்று இதை வைத்து ஊகிக்கலாம்.

பாரம்பரிய வகைகளில் நான்கு ரகம் இந்தப் பயணத்தை ஓரளவு தாங்கும். புளிப்பு பீர் தாங்குவதற்குக் காரணம் அதன் அமிலமும், உள்ளே உயிரோடு இருக்கும் காட்டு ஈஸ்டும். அந்த ஈஸ்ட் போத்தலுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. புகை பீரில் புகையின் மணம் சிறு குறைகளை மூடிவிடும். ஆல்கஹால் 8 சதவீதத்தைத் தாண்டிய கறுப்பு பீரில், வயது ஏறும்போது வரும் உலர்திராட்சை வாடை குறையாகவே தெரியாது. கடைசி ரகம், போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க விட்ட பெல்ஜிய வகைகள்.

தாங்காதவற்றைத் தேடி அலைய வேண்டாம். பின்லாந்தின் சாஹ்தி காய்ச்சி எடுக்கப்படாமல், ஜூனிப்பர் கிளைகள் பரப்பிய மரத்தொட்டியில் வடிக்கப்படும் பீர். பேக்கரி ஈஸ்ட் கொடுக்கும் வாழைப்பழ மணமும், கஞ்சி மாதிரி அடர்த்தியும் அதன் அடையாளம். பிறந்த ஊரிலேயே குளிரில் வைத்து, சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டிய சரக்கு அது. தென் ஆப்பிரிக்காவின் சோள பீரான உம்கொம்போத்தி அதைவிடக் குறைந்த ஆயுள் கொண்டது, நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பார்கள். இங்கிலாந்தின் பீப்பாய் ஏல் குழாயைத் திறந்த சில நாளில் தீர வேண்டும். இவற்றை அந்தந்த ஊருக்குப் போனால் குடிக்கலாம். போத்தலில் அடைத்து இங்கே வந்த சாஹ்தி என்று யாராவது விற்றால், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கடையில் பார்க்க வேண்டியவை

புக்கிட் பிந்தாங், டாமன்சாரா, பெட்டாலிங் ஜெயா வட்டாரங்களில் கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகளின் பீர் விற்கும் கடைகளும் மதுக்கூடங்களும் இருக்கின்றன. பெரிய பேரங்காடிகளின் மதுபானப் பகுதியிலும் சில பெல்ஜிய, ஜெர்மானிய வகைகள் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் குளிர்ப்பெட்டியில் இருக்கும் போத்தலையே எடுங்கள். வெளி அடுக்கில் அதே சரக்கு இரண்டு ரிங்கிட் குறைவாக இருக்கலாம். அந்த இரண்டு ரிங்கிட்டுக்கு வெயிலையும் சேர்த்து வாங்குவீர்கள்.

அடுத்து தேதி. ஜெர்மனியின் புகை பீருக்கும், உப்புப் புளிப்பு பீரான கோஸேவுக்கும் காலாவதி தேதி முடிய குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். பெல்ஜியத்தின் புளிப்பு பீரான கூஸ் வகையில் தேதி பத்து, இருபது ஆண்டு தள்ளிப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயன் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது போத்தலின் கழுத்து. பீர் மட்டம் பக்கத்துப் போத்தலைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் தக்கை கசிந்திருக்கிறது. மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்போ துருவோ இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பச்சை நிறப் போத்தல் என்றால் கூடுதல் கவனம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணியின் நாற்றம் போல மூக்கில் ஏறும் அந்த வாடை வருவதற்கு நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும். குழல்விளக்கு வெளிச்சத்தில் சில நாளில் வந்துவிடும். அடுக்கின் முன்வரிசையை விட்டுப் பின்வரிசையிலிருந்து எடுப்பது இதற்காகத்தான்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. 2016 மார்ச் முதல் இங்கே கலால் வரி ஆல்கஹால் அளவை வைத்தே போடப்படுகிறது. அப்போது வைத்த வீதம், தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட். அதன்படி 330 மில்லி போத்தல் 3 சதவீதம் என்றால் வரி சுமார் 1.73 ரிங்கிட், 8.8 சதவீதம் என்றால் சுமார் 5.08 ரிங்கிட். வீதம் மாறினாலும் கணக்கு இப்படித்தான். கூஸ் போத்தலின் விலையில் பெரும்பங்கு வரி இல்லை. பீப்பாயில் கிடந்த ஆண்டுகளும் கப்பல் கூலியும்தான். அதனால் முதல் தடவைக்கு 750 மில்லி வேண்டாம், 375 மில்லி போதும். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவருகிறவர்களுக்கு வரியில்லாச் சலுகை, எல்லா மதுவகையும் சேர்த்து மொத்தம் 1 லிட்டர். 330 மில்லி போத்தல் மூன்றுக்கு மேல் ஆசைப்பட்டால் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

வீடு திரும்பும்போது உறைபெட்டிப் பை ஒன்றும், இரண்டு ஐஸ் கட்டிப் பொட்டலமும் கையோடு இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காடியின் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். கடை முடித்து பிரிக்பீல்ட்ஸில் நிறுத்திச் சாப்பிடப் போகிற அந்த ஒரு மணி நேரமும் பீருக்குக் கெடுதல்தான்.

மூன்றாம் படி: வைப்பது

வசதி இருந்தால் 10 முதல் 13 டிகிரியில் ஓடும் சிறிய வைன் குளிர்ப்பெட்டி. இல்லையென்றால் வீட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டு. 4 டிகிரி பீரைக் கெடுக்காது, முதிர்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கதவுத் தட்டு வேண்டாம். இரவில் மட்டும் ஏர்கோன் ஓடும் படுக்கையறை அலமாரி மோசமான இடம். தினமும் 22க்கும் 31க்கும் நடுவே ஏறி இறங்கும் சூட்டில் பீர் வேகமாக முதிரும்.

போத்தலை நிமிர்த்தியே வையுங்கள். தக்கை போட்ட கூஸை ஆண்டுக்கணக்கில் வைப்பதானால் மட்டும் படுக்க வைக்கலாம். அப்படி வைத்ததைக் குடிப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு நிமிர்த்தினால் வண்டல் அடியில் இறங்கும்.

நான்காம் படி: ஐந்து போத்தல், ஒரு வரிசை

நான்கு பேர், ஐந்து வகை, ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 80 மில்லி. இதுதான் நல்ல அளவு. கீழே சொல்லும் வரிசையில் ஒருவருக்கு மொத்தம் 400 மில்லி வரும். தூய ஆல்கஹால் கணக்கில் சுமார் 25 மில்லி. குறைவாகத் தெரியலாம். ஆனால் 2020 திருத்தத்துக்குப் பிறகு வாகனம் ஓட்டுகிறவரின் இரத்தத்தில் அனுமதி 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான். எல்ஆர்டியோ கிராபோ பிடித்து வரச் சொல்லுங்கள்.

முதலில் கோஸே. ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் தோன்றி லைப்ஸிக்கில் வேர்விட்டது. பாதிக்கு மேல் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), கொத்தமல்லி விதை, உப்பு, லாக்டிக் அமிலப் புளிப்பு, சுமார் 4.5 சதவீதம். லைப்ஸிக்கில் 1966இல் கடைசி ஆலை மூடியதோடு வழக்கொழிந்து, 1986இல்தான் மீண்டும் வந்தது. இப்போது பழம், மிளகாய் என்று எதையெதையோ போட்ட கோஸே நிறைய வருகிறது. பழகுவதற்கு அவை உதவாது. பழம் சேராததாகப் பாருங்கள். உப்பு இதில் என்ன வேலை செய்கிறது என்று நாக்குக்குத் தெரிய ஒரு சோதனை செய்யலாம். 10 கிராம் உப்பை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். உப்பில்லாத பெர்லினர் வைஸ் (பெர்லினின் புளிப்புக் கோதுமை பீர்) அல்லது சாதாரண கோதுமை பீர் 100 மில்லியில் அந்தக் கரைசலை 1 மில்லி விடுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் உப்பு ஆகும். விடாத குவளையையும் விட்டதையும் மாற்றி மாற்றிக் குடித்தால், உப்பு கரிக்காமலே தானியச் சுவையைத் தூக்கிக் கொடுப்பது தெரியும். 2 மில்லி விட்டால் கரிப்பு முன்னால் வந்துவிடும்.

இரண்டாவது ஓர்வால். பெல்ஜிய மடாலயம் ஒன்றில் தயாராகும் 6.2 சதவீத பீர். போத்தலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். லேபிளில் அடைத்த தேதி இருக்கும். அதுதான் இதன் ஜாதகம். மூன்று மாதத்துக்குள் குடித்தால் ஹாப்ஸ் மணமும் கசப்பும். ஓராண்டு ஆனால் கசப்பு அடங்கி, தோல், வைக்கோல் வாடை எழும்பி, நாக்கு வறளும். நம் வெக்கையில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். ஒரே தடவையில் இரண்டு தேதிப் போத்தல் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடிப்பதைவிட நல்ல பாடம் கிடையாது.

மூன்றாவதுதான் இந்த மாலையின் நடுத்தூண்: கூஸ். பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பாயோட்டன்லாந்திலும் தயாராகும், தானாக நொதிக்கும் பீரான லாம்பிக்கிலிருந்து இது வருகிறது. முளைகட்டாத கோதுமை 30 முதல் 40 சதவீதம், மீதி பார்லி மால்ட். ஹாப்ஸை இரண்டு மூன்று ஆண்டு பழையதாக்கிப் போடுகிறார்கள். கசப்பு போய்விடும், வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் மிஞ்சும். காய்ச்சிய சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைத்துவிடுவார்கள். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருப்பது வந்து சேரும். தோட்டத்துக் கள் பனையிலும் தென்னையிலும் தானாகப் பொங்குவதும் இதே வழியில்தான், ஆனால் கள் அன்றைக்கே முடிகிற சரக்கு, லாம்பிக் ஆண்டுக்கணக்கு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே காய்ச்சுகிறார்கள். கோடையில் சாறு மெதுவாக ஆறுவதால் கெடுக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

மரப்பீப்பாய்க்குள் முதல் வாரங்களில் குடல்வகை பாக்டீரியாவும், பிறகு வழக்கமான ஈஸ்டும், அதன்பின் மாதக்கணக்கில் பெடியோகாக்கஸ் என்ற புளிப்புப் பாக்டீரியாவும், கடைசியில் பிரெட்டனோமைசிஸும் வேலை செய்கின்றன. பெடியோகாக்கஸ் காலத்தில் பீர் எண்ணெய் போல வழவழத்து நூல் விடும். பிரெட்டனோமைசிஸ் (சுருக்கமாகப் பிரெட்) வந்து அதை வெட்டித் தெளிய வைக்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்கைக் கலந்து போத்தலில் அடைத்தால் இளசில் மிஞ்சிய சர்க்கரை உள்ளே நொதித்து நுரை தருகிறது. அதுதான் கூஸ்.

வாங்கும்போது ‘அவுடெ’ என்ற சொல் லேபிளில் இருக்க வேண்டும். அது இருந்தால் இனிப்பு சேர்க்கவில்லை, போத்தலிலேயே நொதித்தது என்று பொருள். அது இல்லாத செர்ரி, பீச் லாம்பிக்குகளில் பெரும்பாலானவை சர்க்கரைத் தண்ணீர் பக்கம் சாய்ந்தவை. கெட்டவை இல்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை. தொடங்குவதற்கு லெம்பேக்கின் பூன் ஆலை அவுடெ கூஸ், 7 சதவீதம், பொருத்தமானது. புளிப்பு மட்டாக, மரத்தின் மணம் தெளிவாக இருக்கும். பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் பேர் பெற்றது, அதைவிடக் கூர்மையானது. அதிக விலை கொடுத்து முதல் போத்தலாக அதை வாங்கினால் பாதி மேசை முகம் சுளிக்கும்.

குடிக்கும்போது முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள், நாக்கு புளிப்புக்குப் பழகவே அது செலவாகும். இரண்டாவதில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். மூன்றாவதில் ஈரமான வைக்கோல், பழைய மரம். விழுங்கியபின் நாக்கு உலர்ந்து மறு மிடறைக் கேட்டால் நல்ல போத்தல். தொண்டையை எரித்தால் அசிட்டிக் அமிலம் கூடிவிட்டது. இந்தப் போத்தல் கிடைக்கவில்லை என்றால் மேற்கு ஃபிளாண்டர்ஸின் ரோடன்பாக் கிராண்ட் குரு, 6 சதவீதம், வைக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு பெரிய ஓக் தொட்டியில் இரண்டாண்டு இருந்தது. செர்ரிப் புளிப்பு, லேசான இனிப்பு.

நான்காவதாக வெப்பமண்டல ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். இதை அபூர்வம் என்று இங்கே சொன்னால் கோப்பித்தியாம் (காப்பிக்கடை) மேசையில் சிரிப்பார்கள். ஆனால் இந்த இனிப்பும் கனமும் கொண்ட வகை இலங்கை, மலாயா, கரீபியன் போன்ற இடங்களில்தான் வளர்ந்தது. 1801இல் கின்னஸ் ஆலை காய்ச்சிய மேற்கிந்திய போர்ட்டர் என்ற கறுப்பு பீர் கடல் தாண்டிப் போவதற்காகவே ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூட்டப்பட்டது. இன்றைய கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் அதன் வாரிசு. இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம், கிடைத்தால் அதையே வையுங்கள். கருப்பட்டி, காப்பி, உலர்திராட்சை. உள்ளூரில் கிடைக்கும் ஸ்டவுட் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் எது வறுத்த தானியக் கசப்பு, எது சர்க்கரைக் கனம் என்று பிரிக்கத் தெரியும். ஐஸ் மட்டும் போட வேண்டாம்.

கடைசியில் புகை. பாம்பெர்க் நகரின் ஷ்லென்கெர்லா மார்ட்ஸென், 5.1 சதவீதம். பீச் மர நெருப்பின் புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் நேரடி நெருப்பில் உலர்த்திய மால்ட் எல்லாமே புகை வாடையோடுதான் இருந்தது. மறைமுகச் சூளை வந்தபின் உலகம் மாறியது, பாம்பெர்க் மாறவில்லை. ஆல்கஹால் குறைந்தது முதலில் என்ற விதியை மீறி இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், புகை நாக்கில் ஒட்டினால் அரை மணி நேரம் போகாது. முதல் வாயில் பன்றி ஹாம் வாடைதான் தெரியும். பாதிக் குவளைக்குப் பிறகு அது பின்வாங்கி மால்ட் இனிப்பு வெளியே வரும். போலந்தின் குரோட்ஜிஸ்கே கிடைத்தால் அதை மட்டும் வரிசையின் தொடக்கத்தில் வைக்கலாம்: ஓக் புகையிட்ட கோதுமை மால்ட், சுமார் 3 சதவீதம், மெல்லிய புகை. அந்த ஊர் ஆலை 1993இல் மூடி 2015இல் மீண்டும் திறந்தது.

ஐந்தாம் படி: சூடும் குவளையும்

கோஸே 6 முதல் 8 டிகிரி, புகை பீர் 8 முதல் 10, கூஸ் 10, ஓர்வாலும் ஸ்டவுட்டும் 12. ஐஸ்பெட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த சிறு போத்தல், விசிறி ஓடும் அறையில் 10, 15 நிமிடத்தில் 8 டிகிரி அளவுக்கு ஏறும். நம் ஈரக் காற்றில் போத்தல் வியர்ப்பதால் இது இன்னும் வேகம். ஆகவே சொன்ன சூட்டைவிட 2 டிகிரி குறைவாகவே ஊற்றுங்கள். மீதியை அறை பார்த்துக்கொள்ளும். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகமே வேண்டாம்.

குவளை வாய் குறுகியதாக இருக்கட்டும். சிறிய வைன் குவளை எல்லாவற்றுக்கும் போதும். சோப்பு மிச்சமும் எண்ணெயும் நுரையைக் கொன்றுவிடும். ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்துங்கள். முறுக்கு தின்ற உதடு பட்டாலே நுரை இறங்கும். ருசிக்கும் வரை மேசையில் கிரீம் கிராக்கரும் தண்ணீரும் மட்டும். சம்பால் பக்கம் போகவே வேண்டாம், காரத்தோடு சேர்ந்தால் ஆல்கஹாலும் வாயுவும் எரிச்சலைத்தான் கூட்டும். ஐந்தும் முடிந்தபின் சாப்பாடு வரட்டும். கூஸின் மிச்சத்துக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டலும், புகை பீருக்குப் பெட்டாலிங் ஸ்திரீட் பாக்குவாவும் நன்றாகச் சேரும்.

தக்கை போட்ட கூஸை 4 டிகிரிக்கு நன்றாகக் குளிரவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேலே பிடித்துத் திறங்கள். தக்கையைத் துணியால் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்ப வேண்டும், தக்கையை அல்ல. சூடான போத்தல் திறந்தவுடன் பொங்கி மூன்றில் ஒரு பங்கு கொட்டிவிடும். பொங்கும்போது வண்டலும் கலங்கும். நான்கு குவளைக்கும் ஒரே மூச்சில் ஊற்றி, குவளையிலேயே 10 டிகிரிக்கு ஏற விடுங்கள். நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் கடைசிக் குவளைக்காரருக்கு வண்டல்தான் கிடைக்கும்.

குறை வந்தால் காரணம் எங்கே

ஈர அட்டைப்பெட்டி வாடை: வெக்கையும் ஆக்சிஜனும், கடையின் தவறாகவும் இருக்கலாம், கப்பலின் தவறாகவும் இருக்கலாம். ஸ்கங்க் வாடை: வெளிச்சம். நகப்பூச்சு வாடை: அசிட்டிக் அமிலம் கூடி எத்தில் அசிட்டேட் ஆனது, பீப்பாய்க்குள் காற்று போயிருக்கிறது. புளிப்பு பீரில் வெண்ணெய் வாடை வந்தால் பிரெட் தன் வேலையை முடிக்கவில்லை. அதே சரக்கில் இன்னொரு போத்தலை ஆறு மாதம் வைத்துப் பாருங்கள். விநோதமானது எலிக்கூட்டு வாடை. மூக்கில் தெரியாது, வாயில் வைத்ததும் தெரியாது. விழுங்கி சில விநாடி கழித்து, எச்சில் அமிலத்தைக் குறைத்தபின், பழைய பிஸ்கட் போலத் தொண்டையில் எழும்பும். சிலருக்கு அது சுத்தமாகவே தெரியாது. அதனால் மேசையில் சண்டை வரும், இருவர் சொல்வதும் உண்மைதான்.

தானியம் மாறினால்

பார்லியைத் தாண்டிப் போக விரும்புகிறவர்கள் நம் பக்கத்திலேயே தொடங்கலாம். ஜூன் 1, 2 தேதிகளில் வரும் கவாய் அறுவடைப் பண்டிகையை ஒட்டி சரவாக்கின் அரிசி மதுவான துவாக் கோலாலம்பூரிலும் கிடைக்கும். அரிசியின் மாவுச்சத்தை ராகி (நம் கேழ்வரகு இல்லை) என்ற பூஞ்சைக் கட்டி சர்க்கரையாக்குகிறது, முளைகட்டிய தானியம் இல்லை. அதனால் இதை பீரோடு சேர்ப்பதா என்பது வாதத்துக்குரியது. அளவு வீட்டுக்கு வீடு மாறும். இனிப்பை நம்பி வேகமாகக் குடித்தால் காலை வாரிவிடும். 50 மில்லியில் தொடங்குங்கள்.

நேப்பாளத்தின் தொங்பா வேறு விதம். நொதித்த கேழ்வரகையே பாத்திரத்தில் நிரப்பி, கொதிக்கவிட்ட தண்ணீரை ஊற்றி, 5 முதல் 10 நிமிடம் விட்டு, நுனியில் துளையிட்ட குழலால் உறிஞ்ச வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் மறுபடி ஊற்றலாம். மூன்று நான்கு சுற்று வரை சுவை இருக்கும். கிளறாதீர்கள், குழல் அடைத்துக்கொள்ளும்.

மீந்து போன கூஸை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் குடிக்கலாம். அதற்குமேல் ஆனதைச் சமையலுக்குத் திருப்புங்கள். அரைக் கிலோ லாலா மட்டிக்கு 150 மில்லி போதும். சட்டியில் இஞ்சி, பூண்டு வதங்கியபின் மட்டியைப் போட்டு, கூஸை ஊற்றி, மூடி வைத்து, பெருந்தீயில் 4 நிமிடம். புளி, எலுமிச்சை எதுவும் சேர்க்க வேண்டாம். திறக்காத மட்டியை எறிந்துவிடுங்கள்.